கீழே இருக்கும் எண்: கிராமப்புற மருத்துவமனையில் ஒரு திட்டம் பலன் தந்ததா என்று எப்படி அளப்பது?

"பயிற்சிக்கு முந்தைய ஆண்டு பச்சிளங்குழந்தை மரணம் 9. பிந்தைய ஆண்டு 5. மரணம் 44% குறைந்தது." எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. ஆனால் கிராமப்புற மருத்துவமனைகளில் நடக்கும் சுகாதாரத் திட்டங்களின் இறுதி அறிக்கையில் இந்த வகை வாக்கியம் ஒன்றாவது இருக்கும். எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எதுவுமே மாறாத ஒரு மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 14 மரணம் நடந்தால், அவை 9-5 என்றோ அதைவிட அதிகமாகவோ ஏதாவது ஒரு பக்கம் சாய்வதற்கு நூற்றுக்கு 42 வாய்ப்பு இருக்கிறது. அதாவது அந்த 44 சதவீதம் நமக்கு எதையும் சொல்லவில்லை.

மரணமே நடக்காத ஆண்டும் அப்படித்தான். 300 பிரசவத்தில் ஒரு மரணம்கூட இல்லை என்றால், உண்மையான மரண விகிதம் 1% வரை இருக்கலாம். மூன்றை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல்வரம்பு கிடைத்துவிடும், கால்குலேட்டர்கூட வேண்டாம்.

இதில் தேர்வின் கோளாறும் சேரும். சென்ற ஆண்டு மரணம் அதிகம் என்பதால்தான் பெரும்பாலும் ஒரு மருத்துவமனை திட்டப் பட்டியலில் வருகிறது. அந்த மோசமான ஆண்டில் ஒரு பங்கு துரதிர்ஷ்டம். அடுத்த ஆண்டு யாரும் எதுவும் செய்யாமலே எண்ணிக்கை வழக்கமான அளவுக்குத் திரும்பும். எனவே எந்த ஆண்டைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தோமோ, அந்த ஆண்டை "முன்" கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்கும் முந்தைய இரண்டு ஆண்டுகளை எடுக்க வேண்டும். இதைச் செய்தாலே பல வெற்றிகள் கரைந்துவிடும். அதனால்தான் செய்யத் தயங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் சின்ன எண்களைவிடப் பெரிய சிக்கல் வேறு. விகிதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். எல்லோரும் மேல் எண்ணையே பார்க்கிறார்கள். திட்டம் ஒன்று உள்ளே வந்ததும் சத்தமில்லாமல் மாறுவது கீழ் எண்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் வார்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) வருவதற்கு முன்னால், உதடு நீலம் பாரித்த குழந்தையை, மூச்சு முட்டித் தலை ஆட்டும் குழந்தையைத்தான் "ஆக்சிஜன் குறைவு" என்று எழுதியிருப்பார்கள். கருவி வந்த பிறகு 88%, 89% காட்டும், பார்க்க ஓரளவு நன்றாகவே இருக்கும் குழந்தைகளும் அந்தப் பட்டியலில் சேருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கக்கூடியவர்கள். "ஆக்சிஜன் குறைந்த குழந்தைகளில் எத்தனை பேர் இறந்தார்கள்" என்று கேட்டால் விகிதம் விழுந்திருக்கும், ஒரு உயிர்கூடக் கூடுதலாகக் காப்பாற்றப்படாமலே. இங்கே கீழ் எண்ணாக இருக்க வேண்டியது அனுமதிக்கப்பட்ட எல்லாக் குழந்தைகளும். குறைந்தபட்சம், கருவி இல்லாமலே கண்டறியக்கூடிய அறிகுறிகளை வைத்து நிமோனியா என்று அனுமதிக்கப்பட்ட எல்லோரும். பப்புவா நியூ கினியில் ஐந்து மருத்துவமனைகளில் ஆக்சிமீட்டரும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரும் வைத்துப் பார்த்த ஆய்வு (2008-இல் வெளியானது) நிமோனியாவால் சேர்க்கப்பட்ட 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கீழ் எண்ணாக வைத்தது. மரணம் 4.97 சதவீதத்திலிருந்து 3.22 சதவீதமாக இறங்கியது. ஒப்பிட வேறு மருத்துவமனை இல்லாத முன்-பின் ஆய்வு என்ற குறை அதற்கு உண்டு. கீழ் எண்ணை மட்டும் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

பிரசவ அறையில் இதே கதை தலைகீழாக நடக்கும். அழாமல், மூச்சு விடாமல், ஆனால் நாடித்துடிப்போடு பிறக்கும் குழந்தையை "இறந்தே பிறந்தது" என்று எழுதிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சூட்டப் பயிற்சி கொடுத்த பிறகு அதே குழந்தை உயிரோடு பிறந்த கணக்கில் வரும். அவர்களில் சிலர் சில மணி நேரத்தில் இறப்பார்கள். பச்சிளங்குழந்தை மரண விகிதம் ஏறும், பயிற்சி கெடுதல் செய்ததுபோல் தோன்றும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, பிரசவத்தின்போது இறந்தவை, பிறந்து 24 மணி நேரத்துக்குள் இறந்தவை இரண்டையும் கூட்டி மேலே வைக்க வேண்டும். வந்து சேரும்போது வயிற்றில் இதயத்துடிப்பு கேட்ட எல்லாக் குழந்தைகளும் கீழே. இதற்கு ஒரே ஒரு புதிய கட்டம் போதும்: "அனுமதியின்போது சிசுவின் இதயத்துடிப்பு, நிமிடத்துக்கு எத்தனை". திட்டம் தொடங்க ஆறு மாதம் முன்பே அந்தக் கட்டம் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். தொடங்கிய அன்று சேர்த்தால் "முன்" பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

கீழ் எண் மாறும் இன்னொரு வழி, வாசல். ரத்த வங்கியோ அறுவை அரங்கோ வந்துவிட்டால், முன்பு நேராக நகரத்துக்குப் போன கடினமான கேஸ்கள் இங்கேயே நிற்கும். மரணம் கூடும், மருத்துவமனை உண்மையில் முன்னைவிடத் தேறியிருக்கும். இதற்கு நேர்மாறாக, "மரணம் குறைய வேண்டும்" என்று மேலிடத்து அழுத்தம் வந்தால் எல்லோரையும் ரெஃபர் செய்யத் தொடங்குவார்கள். மரணம் ஆம்புலன்ஸில் நடக்கும், அடுத்த ஊர்ப் பதிவேட்டில் ஏறும். ரெஃபர் எண்ணிக்கையும், மருத்துவர் சொல்லுக்கு எதிராக வீட்டுக்குக் கூட்டிப்போனவர்களின் எண்ணிக்கையும் இல்லாத மரண விகிதத்தை நான் நம்புவதில்லை.

வெளியே போனவர்களைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும். அனுமதிக்கும்போதே இரண்டு தொலைபேசி எண் வாங்கி, ஒன்று வீட்டாருடையது, மற்றொன்று பக்கத்து வீட்டாருடையது என்று குறித்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் அழைக்க வேண்டும். கிடைக்காதவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது எவ்வளவு ஏமாற்றும் என்று பாருங்கள்: 600 பிரசவம், 540 பேரின் நிலை தெரியும், அவர்களில் 9 மரணம். விகிதம் 1.7%. கிடைக்காத 60 பேரில் பத்தில் ஒரு குழந்தை இறந்திருந்தால் உண்மை விகிதம் 2.5%. குழந்தையை இழந்த வீடு தொலைபேசியை எடுக்காமல் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அறிக்கையில் இரண்டு எண்ணையும் போட்டுவிடுவதுதான் நேர்மை.

அடுத்தது பதிவேடு. எந்தக் கணக்கும் தொடங்குமுன், ஓராண்டுக்கான பிரசவப் பதிவேட்டை எடுத்து, பிறப்பு எடைப் பத்தியில் சரியாக 2500 கிராம் என்று எத்தனை இருக்கின்றன, 2400 முதல் 2499 வரை எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். 2500-க்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை. கூடுதல் கவனிப்பு, கூடுதல் படிவம். அதனால் 2500-இல் எண்கள் குவிந்து கிடக்கும், அதற்குச் சற்றுக் கீழே பள்ளம் விழுந்திருக்கும். முள் தராசை எடுத்துவிட்டு டிஜிட்டல் தராசு வைத்த மாதமே எடை குறைந்த குழந்தைகளின் சதவீதம் "உயர்ந்துவிடும்". ரத்த அழுத்தம் வரிசையாக 120/80, 110/70 என்று போவது, பிறந்த நேரம் முழு மணியிலும் அரை மணியிலும் குவிவது, ரத்த இழப்பு எல்லோருக்கும் 200 மி.லி. என்று இருப்பது எல்லாமே அளக்காமல் எழுதியதன் அடையாளம். பிரசவ முன்னேற்ற வரைபடத்தில் எட்டு மணி நேரப் புள்ளிகளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம் என்றால் அது பிரசவம் முடிந்த பிறகு வரைந்தது.

நர்ஸைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இரவில் ஒரே ஆள் மூன்று பிரசவம் பார்த்துவிட்டு, ஐந்து பதிவேட்டில் ஒரே தகவலை எழுதினால் இப்படித்தான் வரும். மதிப்பீட்டுக்காரர் ஆறாவதாக ஒரு படிவம் கொண்டுவந்தால் நிலைமை இன்னும் கெடும். புதிய கட்டம் ஒன்று சேர்த்தால் பழையதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

பதிவேட்டைச் சரிபார்க்க எளிய வழி, மருந்து அறைக்குப் போவது. பிரசவம் முடிந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்க எல்லாத் தாய்க்கும் 10 யூனிட் ஆக்சிடோசின். 10 யூனிட் ஆம்பூல் என்றால் 100 பிரசவத்துக்குக் குறைந்தது 100 ஆம்பூல் செலவாகியிருக்க வேண்டும். வலி வர வைக்கப் பயன்படுத்தியதையும் சேர்த்தால் அதற்கும் மேலே. பதிவேடு 100% என்று சொல்லி, இருப்பு அட்டையில் 60 ஆம்பூல்தான் வெளியே போயிருந்தால் இரண்டில் ஒன்று பொய். வெளியில் வாங்கிவரச் சொன்னார்களா என்று கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

சரி, மரணத்தை வைத்து அளக்க முடியாது என்றால் எதை வைத்து? கருவி வந்து இறங்கியதிலிருந்து நோயாளியின் உடம்பு வரை உள்ள ஒவ்வொரு கண்ணியையும் அளக்க வேண்டும். ஆக்சிஜனுக்கே திரும்புவோம். சேர்க்கப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு அனுமதியின்போது அளவு பார்த்தார்கள்? 90% என்று வைத்துக்கொள்வோம். குறைவாக இருந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆக்சிஜன் தொடங்கியது? 80%. தொடங்கியவர்களில் எத்தனை பேருக்கு இரவு முழுக்க ஓடியது? 70%. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மோசமில்லை. பெருக்கினால் 50%. தேவைப்பட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் சிகிச்சை முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. இந்த எண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், மூன்றே மாதத்தில் கிடைக்கும். எந்தக் கண்ணி அறுந்தது என்பதும் அதிலேயே தெரியும்.

இன்னும் ஒரு கண்ணி கண்ணுக்குத் தெரியாது. கான்சன்ட்ரேட்டருக்குள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் ஜியோலைட் என்ற துகள்கள் இருக்கின்றன. ஈரப்பதம் ஏறினால் அவை செயலிழக்கும். அப்போதும் இயந்திரம் ஓடும், மானி 5 லிட்டர் என்றே காட்டும், தண்ணீர்க் குடுவையில் குமிழி வரும். குழாய் வழியே போவது பெரும்பாலும் சாதாரணக் காற்று. 82 சதவீதத்துக்குக் கீழே தூய்மை போகக் கூடாது. அதை அளக்க ஒரு சிறிய ஆக்சிஜன் அனலைசர் வேண்டும். "இயங்கும் கான்சன்ட்ரேட்டர் 4" என்று எழுதும் மதிப்பீட்டுப் படிவம் எனக்குச் செல்லாது. ஒவ்வொன்றிலும் தூய்மை எத்தனை சதவீதம், வடிகட்டி கடைசியாகக் கழுவிய தேதி, மின்சாரம் போன நேரத்தில் என்ன செய்தார்கள் என்ற மூன்றும் வேண்டும்.

கண்ணிகளை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. உகாண்டா, கென்யா, தான்சானியா மருத்துவமனைகளில் கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வின் (2011) முடிவைப் பாருங்கள். உடனடியாக வேகமாக திரவம் ஏற்றப்பட்ட இரு குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.6%, 10.5%. அப்படி ஏற்றாத குழுவில் 7.3%. அங்கே ஒரு மதிப்பீட்டாளர் "ஒரு மணி நேரத்துக்குள் திரவம் ஏற்றப்பட்டவர்கள்" என்ற குறியீட்டை வைத்திருந்தால், குறியீடு உயர உயர மரணமும் உயர்ந்திருக்கும். ஒரு செயலை அளந்தால் போதும் என்று சொல்வதற்கு, அந்தச் செயல் இதேபோன்ற நோயாளிகளிடம், இதேபோன்ற வசதியுள்ள இடத்தில் உயிரைக் காக்கிறது என்ற சான்று கையில் இருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள நகரத்து மருத்துவமனையின் சான்று அதற்குப் போதாது.

குறைமாதப் பிரசவத்துக்கு முன், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி இதைவிட நுட்பமான பாடம். இந்தியா உள்பட ஆறு நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பிரசவங்களில் நடந்த ஆக்ட் ஆய்வில் (2015) கர்ப்ப காலம் துல்லியமாகத் தெரியாத இடங்களில் இந்த ஊசியைப் பரவலாக்கினார்கள். எடை மிகக் குறைந்த குழந்தைகளை மட்டும் கீழ் எண்ணாக வைத்துப் பார்த்தால் பலனும் இல்லை, கெடுதலும் தெரியவில்லை. எல்லாக் குழந்தைகளையும் வைத்துப் பார்த்தபோதுதான் 1,000-க்கு 23.9 ஆக இருந்த பச்சிளங்குழந்தை மரணம், ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில் 27.4 என்று தெரிந்தது. ஊசி போட்டவர்களில் கணிசமானோர் குறைமாதத்தில் பிரசவிக்கவே இல்லை. பிறகு ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதிசெய்து, 26 முதல் 33 வாரம் வரையிலான கர்ப்பத்தில் மட்டும் போட்டுப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் (2020) மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. அதே மருந்துதான். "திட்டம்" என்று எதை எழுதினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது: மருந்தை மட்டுமா, மருந்தோடு ஸ்கேனையும் பிரசவத்துக்குப் பின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வார்டையும் சேர்த்தா?

நிதி கொடுப்பவர்கள் மரணத்தில்தான் பலனைக் காட்ட வேண்டும் என்று அடம்பிடித்தால், எத்தனை மருத்துவமனை வேண்டும் என்ற கணக்கை முன்கூட்டியே அவர்கள் மேசையில் வைத்துவிடலாம். மரணம் 3 சதவீதத்திலிருந்து 2.25 ஆகக் குறைவதை வழக்கமான புள்ளியியல் உறுதியோடு கண்டுபிடிக்க திட்டம் உள்ள பக்கம், இல்லாத பக்கம் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 7,100 பிரசவம் வேண்டும். அதோடு முடியவில்லை. ஒரே மருத்துவமனைக்கு வருபவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதே டாக்டர், அதே மின்வெட்டு. அந்த ஒற்றுமையின் அளவு (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் முழு ஒற்றுமை) 0.01 என்ற சிறு எண்ணாக இருந்தாலும், மருத்துவமனைக்கு 200 பிரசவம் எடுத்தால் தேவை மூன்று மடங்காகி 21,300 ஆகும்: ஒரு பக்கத்துக்கு 107 மருத்துவமனை. சரி, மருத்துவமனைக்கு 1,000 பிரசவம் எடுப்போம் என்றால் தேவை பதினொரு மடங்காகும், 79 மருத்துவமனை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஐந்து மடங்கு தகவல் சேகரித்தும் நாலில் ஒரு பங்கு மருத்துவமனையைத்தான் குறைக்க முடிந்தது. நாலு மருத்துவமனையில் திட்டம், நாலில் இல்லை என்று வைத்துக்கொண்டு மரணத்தை ஒப்பிடுவதெல்லாம் வீண் செலவு.

பெரிய அளவில் செய்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிப்பது நல்லது. உத்தரப் பிரதேசத்தில் 120 மையங்களில் பாதுகாப்பான பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலை, எட்டு மாதம் பயிற்றுநர் நேரில் வந்து வழிகாட்டி நடைமுறைப்படுத்தினார்கள். 1,57,000-க்கும் மேற்பட்ட பிரசவம். 2017-இல் முடிவு வந்தது. செய்ய வேண்டிய செயல்களைச் செய்தவர்கள் திட்ட மையங்களில் 73%, மற்றவற்றில் 42%. ஆனால் தாய்-சேய் மரணமும் கடும் பாதிப்பும் சேர்ந்த விகிதம் 15.1%, 15.3%. வித்தியாசமே இல்லை. 2023-இல் வந்த இ-மோட்டிவ் ஆய்வு நான்கு ஆப்பிரிக்க நாடுகளில், 2,10,000 பேரிடம், பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளப்பது, கோட்டைத் தாண்டினால் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் சேர்த்தே தொடங்குவது. கடும் பாதிப்பு திட்டம் இல்லாத பக்கம் 4.3%, திட்டம் உள்ள பக்கம் 1.6%.

முதலாவது ஏன் பலிக்கவில்லை என்று பல விளக்கம் உண்டு. என் வாசிப்பு இது: பட்டியல், "பார்த்தாயா" என்று பல இடத்தில் கேட்டது, பார்த்தபின் செய்ய ஆளும் மருந்தும் திறமையும் இருந்ததா என்பது அதன் கையில் இல்லை. இரண்டாவது, கண்டுபிடித்த அந்த நிமிடமே சிகிச்சையில் முடிந்தது. அளவீட்டிலும் இ-மோட்டிவ் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தது. திட்டம் இல்லாத மருத்துவமனைகளுக்கும் விரிப்பு கொடுத்தார்கள், ஆனால் கோடு இல்லாதது. பிறகு ரத்தத்தை எடை போட்டுக் கணக்கெடுத்தார்கள். இதனால் ரத்தப்போக்கு யாருக்கு என்பது இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலில் தெரிந்தது. கண்மதிப்பில் விட்டிருந்தால் திட்டம் உள்ள இடத்தில் மட்டும் ரத்தப்போக்கு "பெருகியிருக்கும்".

நூறு மருத்துவமனை இல்லாதவர்களுக்கு மாதாந்திர வரைபடம் இருக்கிறது. திட்டத்துக்கு முன் குறைந்தது 12 மாதம், பின் 12 மாதம். மழைக்காலமும் திருவிழாவும் இரண்டு பக்கமும் வர வேண்டும். செயல் விகிதத்தைப் புள்ளி வைத்து, முன் மாதங்களின் நடு மதிப்பில் ஒரு கோடு. தொடர்ந்து ஆறு புள்ளி கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் மாற்றம் தற்செயல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மரணம் போன்ற அரிதான நிகழ்ச்சிக்கு மாத எண்ணிக்கை உதவாது. ஒரு மரணத்துக்கும் அடுத்த மரணத்துக்கும் இடையே எத்தனை பிரசவம் நடந்தது என்பதைப் புள்ளியாக வையுங்கள், இடைவெளி நீண்டால் கண்ணுக்குத் தெரியும். திட்டம் இல்லாத ஒரு பக்கத்து மருத்துவமனையின் கோட்டையும் அதே தாளில் போட்டால், அரசு எல்லா இடத்துக்கும் சேர்த்துக் கொடுத்த ஏதோ ஒன்றின் பலனை நம் கணக்கில் எழுதிக்கொள்வது குறையும். நர்ஸ்கள் இரண்டுக்கும் இடையே மாற்றலாகிறார்களா என்று மட்டும் பாருங்கள். கற்றதைக் கையோடு எடுத்துப்போய்விடுவார்கள்.

நேரில் நின்று கவனிப்பதானால் ஷிஃப்ட்டைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். பகல் பத்து மணிக்கு ஒழுங்காக நடப்பது ஞாயிறு இரவு நடக்கிறதா என்பதே கேள்வி. முதல் சில நாள் கவனிப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆள் பார்க்கிறார் என்பதற்காகச் செய்வது அப்போதுதான் அதிகம். பயிற்சி முடிவில் பொம்மையை வைத்து நடத்தும் தேர்வின் மதிப்பெண்ணைப் பலன் என்று எழுதவே கூடாது. தான்சானியாவின் ஹைடோம் கிராமப்புற மருத்துவமனையில் குழந்தைக்கு மூச்சூட்டும் ஒரு நாள் பயிற்சிக்குப் பிறகு பொம்மையிடம் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள், பிரசவ அறையில் பழக்கம் மாறவில்லை. பிறகு வேலை செய்யும் இடத்திலேயே அடிக்கடி சில நிமிடப் பயிற்சி என்று மாற்றினார்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள் நடக்கும் மரணம் 1,000-க்கு 11.1-இலிருந்து 7.2 ஆனது.

கடைசி அளவீடு, திட்டக் குழு வெளியேறி ஓராண்டு கழித்து. அதே படிவம், அதே குலுக்கல் முறை, வேறு ஆள். உத்தரப் பிரதேச ஆய்வில் இரண்டாம் மாதம் 73 ஆக இருந்தது பன்னிரண்டாம் மாதம் 62 ஆக இறங்கியது. திட்டமே இல்லாத பக்கம் 44. ஆக்சிமீட்டரின் விரல் உணரி அறுந்தால் மாற்று எந்தத் தலைப்பில் வாங்கப்படுகிறது, பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே வார்டில் இருக்கிறார்கள், புதிதாக வந்தவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற மூன்று கேள்வியையும் அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் சேர்த்துவிடலாம். இதற்கான பணத்தைத் திட்டம் தொடங்கும்போதே தனியாக எடுத்து வைக்க வேண்டும். முடிந்தபிறகு யாரும் கொடுக்க மாட்டார்கள்.